டோக்கியோவில் ஒரு காமிரா யாத்திரை

நாம் ஜப்பானுக்குப் புறப்படுகிறோம் என்ற செய்தி தெருவில் பரவியதும் நம்மிடம் வந்து குவிந்த ஜாபிதாக்களுக்கு அளவில்லை. ஒருவருக்குக் குடை வேண்டும், ஒருவருக்குப் பேனா, மற்றொருவர் வீட்டு அம்மாளுக்குக் காய்கறி நறுக்கும் கத்தி. இவற்றையெல்லாம் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு வருகையில், பல வருஷங்களுக்கு முன் நம்மிடம் பத்தாம் வகுப்புப் படித்த மாணாக்கர் ஒருவர் வந்து சேர்ந்தார். இப்போது அவர் நம் ஊர்க் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் பிரவேசம் எல்லாவற்றுக்கும் அவர்தான் படம் பிடிப்பவர். அவருடைய ஜாபிதாவில் ஒரே ஒரு சாமான்தான் இருந்தது.

"ஸார், நிக்கான் காமிராவில் 'டி' என்ற எழுத்துக்குப் பின்னால் ஒற்றை இலக்கம் போட்டது ஒன்று வேண்டும். கைமாறிய சரக்கானாலும் பாதகமில்லை. டோக்கியோவில் நயமாகக் கிடைக்குமாம்."

"உன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, தம்பி?"

"அது 750, ஸார். மூன்று இலக்கம். படம் நன்றாகத்தான் விழுகிறது. ஆனால், பெண் வீட்டார் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைப் பார்க்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரர் பெரிய காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார். எனக்குக் கொடுப்பதைப்போல் ஒன்றரை மடங்கு அவருக்குக் கொடுக்கிறார்கள்."

இப்படிச் சொல்லிவிட்டு, ஒரு கனமான உறையை நம் கையில் கொடுத்தார். சம்சாரத்தின் வளையல்களை அடகு வைத்த பணம் அது என்று அவர் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய தாயார் வந்து சொன்னார். "நீங்கள் பார்த்து எது உசிதமோ செய்யுங்கள், ஐயா" என்று அந்த அம்மாள் சொன்ன வார்த்தை விமானத்தில் நம்மைத் தூங்கவொட்டாமல் அடித்தது. குடையும் கத்தியும் வாங்குவதில் தவறு நேர்ந்தால் போகட்டும் என்று விடலாம். வட்டி ஏறிக்கொண்டிருக்கும் வளையல்களை அப்படி விட முடியுமா?

டோக்கியோவில் நம் மருமான் நிஷிகசாய் என்னும் பேட்டையில் குடியிருக்கிறான். அங்கே நம் தேசத்தார் ஏராளமாக வசிக்கிறார்கள். தோசை மாவுக்கும் துவரம் பருப்புக்கும் குறைவில்லை. "மாமா, கடைக்கு நேராகப் போய் வாங்கிவிட்டால் அரை மணியில் வேலை முடிந்துவிடும்" என்றான் அவன். நமக்கோ அது மனத்துக்கு ஒப்பவில்லை. ஒற்றை இலக்கத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி என்றால், அந்த மதிப்பு எங்கிருந்து பிறந்தது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் உறையைப் பிரிப்பது என்று தீர்மானித்தோம். மூன்று நாள் அதற்கென்று ஒதுக்கினோம்.

முதல் நாள் போனது காமிராக் கடைக்கு அன்று, கோயிலுக்கு. அஸாகுஸாவில் உள்ள ஸென்ஸோஜி ஆலயம் டோக்கியோவிலேயே மிகப் பழமையானது. வாசலில் ஆள் உயரத்தைவிடப் பெரிய சிவப்பு விளக்குக்கூடு ஒன்று தொங்குகிறது. 628-ஆம் வருஷத்தில் அருகிலுள்ள ஸுமிதா நதியில் மீன் பிடித்த சகோதரர் இருவரின் வலையில் ஒரு விக்கிரகம் அகப்பட்டதாம். அதுவே இங்கு எழுந்தருளியிருக்கும் கன்னோன் என்பது ஐதிகம். அந்த மூல விக்கிரகத்தை எவருக்கும் காட்டுவதில்லை. காணாத விக்கிரகத்தைத் தரிசிக்கத் தினந்தோறும் ஜனங்கள் அலைமோதுகிறார்கள்! பெயர் என்பது எவ்வளவு பெரிய சக்தி என்பதற்கு வேறு சாட்சி தேடவேண்டியதில்லை.

கன்னோன் என்பது வேறு யாருமல்லர். நம் பௌத்த நூல்கள் போற்றும் அவலோகிதேசுவரரே. அகத்திய முனிவர் தமிழைக் கேட்டது அவலோகிதரிடத்தில்தான் என்று வீரசோழியம் கூறுவதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். இந்த உறவு முறையில் பார்த்தால், காமிரா உலகத்தின் பெரும் பெயர் ஒன்று நமக்கும் தூரத்துச் சொந்தமாகிறது. 1933-ல் டோக்கியோவின் ரொப்பொங்கிப் பகுதியில், ஒரு கட்டிடத்தின் மாடியறையில், சிறிய காமிரா ஆராய்ச்சிக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. மறு வருஷம் அவர்கள் உருவாக்கிய காமிராவுக்குக் கன்னோன் தேவியின் பெயரையே 'குவானோன்' என்று சூட்டினார்கள். லென்ஸுக்கு 'கஸ்யபா' என்று பெயர். புத்தரின் சீடராகிய மகா காசியபரை நினைத்து வைத்தது. முத்திரையில் ஆயிரம் கைகளுடன் தேவியின் உருவம். அந்தக் 'குவானோன்' கடைக்கு விற்பனைக்கு வரவேயில்லை. 1935-ல் பெயரைச் சற்றே மாற்றிப் பதிவு செய்தார்கள். அதுதான் இன்று உலகெங்கும் வழங்கும் 'கானன்'.

இந்த முயற்சியின் மூலபுருஷர் கோரோ யோஷிதா என்பவர். அவர் செய்த முதல் காரியம், ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு லைகா காமிராவைக் கழற்றிப் பார்த்ததுதான். உள்ளே வைரம் ஒன்றும் இல்லை. பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர் இவைதாம் இருந்தன என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். இந்த அற்பச் சரக்குகள் ஒன்று சேர்ந்ததும் இப்படி விலை ஏறுகிறதே என்று அவருக்குக் கோபம் வந்ததாம். கோபம் வந்ததில் வியப்பில்லை. அக்காலத்தில் ஒரு லைகாவின் விலை 420 யென். நல்ல உத்தியோகத்தில் அமர்ந்த பட்டதாரியின் முதல் சம்பளம் மாதம் 70 யென். பட்டம் பெற்றுச் சம்பளத்தை எண்ணி வாழும் நமக்கு இந்தக் கணக்கு உடனே மனத்தில் தைத்தது.

ஆனால் லைகாவின் விலையில் பித்தளைக்கும் ரப்பருக்கும் மேற்பட்ட ஒன்று அடங்கியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ச் சுற்றியவர்களின் பெயரும் அதில் சேர்ந்திருந்தது. ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1948 ஜனவரியில் மகாத்மாவின் கடைசி நாட்களில் அவரைச் சந்தித்துப் படம் எடுத்தார். பின்பு இறுதி யாத்திரையையும் எடுத்தார். அவர் கையில் இருந்தது லைகா. அப்படங்களைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் காமிராவின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் படம் எடுக்கும் தொழிலில் இருந்தவர்கள் அனைவரும் கேட்டார்கள்.

இரண்டாம் நாள் ஓயிமாச்சி ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து மேற்கே போகும் சாலைக்குக் 'கோகாகு தோரி' என்று பெயர். ஒளியியல் வீதி என்று பொருள் சொல்லலாம். நம் நாட்டில் செட்டித் தெரு, கன்னார் தெரு என்று தொழிலால் தெருவுக்குப் பெயர் வருவதுபோல், இந்தப் பெயர் வந்தது நிப்பொன் கோகாகு என்ற கண்ணாடிக் கம்பெனியினால். 1917-ல் தொடங்கிய அக்கம்பெனிதான் இன்றைய நிக்கான். தலைமைக் காரியாலயமும் இப்போது இங்கேயே இருக்கிறது. 2024 முதல் அதன் பொருட்காட்சிச் சாலையும் இங்கே வந்துவிட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது. பள்ளிக்கூட ஆசிரியர்கள் கவனிக்கவேண்டிய விஷயம்!

இந்தக் கம்பெனி ஆதியில் காமிராவே செய்யவில்லை. ராணுவத்துக்கும் கடற்படைக்கும் தூரதிருஷ்டிக் கண்ணாடிகளும் தூரமானிகளும் செய்து கொடுத்தது. 'யமாதோ' என்ற பிரம்மாண்டமான போர்க்கப்பலுக்கு 15 மீட்டர் நீளமுள்ள தூரமானியைச் செய்ததும் இதுவே. 1936-ல் கானன் வெளியிட்ட முதல் காமிராவுக்கு லென்ஸ் கொடுத்ததும் இக்கம்பெனிதான் என்று அறிந்தபோது நாம் சிரித்துவிட்டோம். இன்று பரம வைரிகளாக நிற்கும் இருவரில் ஒருவருக்கு மற்றவர் கண் கொடுத்திருக்கிறார்! 1945-ல் ஜப்பான் தோற்றதும் ராணுவ வேலை அடியோடு நின்றது. பல்லாயிரம் தொழிலாளர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் வயிறு பிழைக்கக் காமிரா செய்ய முனைந்தார்கள். 1948-ல் 'நிக்கான் 1' வெளிவந்தது.

கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அந்த முதல் காமிராவின் முன் வெகு நேரம் நின்றோம். பார்வைக்கு லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது விலைபோகவில்லை. அது பிடிக்கும் படத்தின் அளவு 24க்கு 32 மில்லிமீட்டர். உலகத்து வழக்கமோ 24க்கு 36. பிலிமைச் சிக்கனம் செய்யலாம் என்ற நல்ல எண்ணத்தோடுதான் அப்படிச் செய்தார்கள். ஆனால் அமெரிக்காவில் வர்ணப் படங்களை வெட்டிச் சட்டத்தில் அமைக்கும் யந்திரங்களுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே ஏற்றுமதிக்குத் தடை வந்தது. தவிர, அக்காலத்தில் 'ஜப்பான் சரக்கு' என்றால் மலிவு, போலி, நாலு நாளில் உடைவது என்பதே மேல்நாட்டாரின் அபிப்பிராயம். சுதேசிச் சரக்கைக் குறித்து நம்மவர்களே முகம் சுளித்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

அந்த அபிப்பிராயம் மாறிய கதைதான் நாம் தேடிப் போனது. 1950-ல் 'லைப்' என்ற அமெரிக்கப் படப் பத்திரிகையின் போட்டோக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் தங்கியிருந்தார். அதே பத்திரிகைக்கு வேலை செய்த ஜுன் மிகி என்ற ஜப்பானிய இளைஞர், 85 மில்லிமீட்டர் நிக்கார் லென்ஸ் ஒன்றைத் தம் காமிராவில் மாட்டி, விளையாட்டாக டங்கனைப் படம் பிடித்தார். டங்கன் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. பிறகு மிகி பெரிய அளவில் அச்சிட்டுக் கொண்டுவந்து காட்டியதும் திடுக்கிட்டுப்போனார். உடனே ஹொரேஸ் பிரிஸ்டல் என்ற மற்றொரு போட்டோக்காரரையும் அழைத்துக்கொண்டு இந்த ஓயித் தொழிற்சாலைக்கு வந்தார். கம்பெனியின் தலைவர் மஸாவோ நகஓகா, லென்ஸுகளை ஒளிபாய்ச்சும் யந்திரத்தில் வைத்துத் திரையில் காட்டினார். விருந்தினர்கள் கொண்டுவந்திருந்த ஜெர்மன் லென்ஸுகளும் அதே யந்திரத்தில் ஏறின. ஜப்பானியக் கண்ணாடி தோற்கவில்லை. வந்தவர்கள் தங்கள் லைகாக் காமிராக்களுக்கு நிக்கார் லென்ஸுகளை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே கொரிய யுத்தம் மூண்டது. டங்கன் அந்த லென்ஸுகளோடு போர்முனைக்குச் சென்றார். ஹாங்க் வாக்கர், கார்ல் மைடன்ஸ் முதலிய 'லைப்' போட்டோக்காரர்களும் நிப்பொன் கோகாகுவின் சரக்கை எடுத்துப்போனார்கள். போர்முனையிலிருந்து வந்த படங்களின் கூர்மையைக் கண்டு நியூயார்க்கில் உள்ளவர்கள் விசாரித்தார்கள். 1950 டிசம்பர் 10-ஆம் தேதி 'நியூயார்க் டைம்ஸ்' இந்த ஜப்பானியக் காமிராவையும் லென்ஸையும் பற்றி எழுதியது. ஒரு காசு விளம்பரச் செலவில்லாமல் கிடைத்த பெயர்! இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் பெயர், அண்டை நாட்டில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த களத்தில் சம்பாதித்தது. பேழைக்குள் பளபளக்கும் கருவிகளைப் பார்க்கும்போது அதை மறக்க நம்மால் முடியவில்லை.

பிறகு 1959-ல் 'நிக்கான் எப்' வந்தது. இதன் வரலாற்றிலும் ஒரு தோல்வி மறைந்திருக்கிறது. 1954-ல் லைகாக்காரர்கள் வெளியிட்ட 'எம் 3' என்ற காமிராவின் நேர்த்தியைப் பார்த்து ஜப்பானியர் மலைத்துப்போனார்கள். அந்த வழியில் அவர்களை எட்டிப்பிடிப்பது கஷ்டம் என்று உணர்ந்து, லென்ஸின் வழியாகவே கண்ணாடி வைத்துப் பார்க்கும் வேறு வகைக் காமிராவில் புத்தியைச் செலுத்தினார்கள். அதன் விளைவே 'எப்'. தலையைக் கழற்றலாம், திரையைக் கழற்றலாம், முதுகைக் கழற்றி மோட்டாரைப் பூட்டலாம். பத்திரிகைக்காரர்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கூட்டமாகச் செய்து கொடுத்தார்கள். அமெரிக்காவில் இதை விற்ற ஜோ ஏரன்ரைக் என்பவர் மகா சமர்த்தர். தொழில்முறைப் போட்டோக்காரர்களின் குறை நிறைகளைக் கேட்டு அவர்களைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொண்டார். வியட்நாம் யுத்தத்தில் எங்கே பார்த்தாலும் 'எப்'தான். கம்போடியாவில் டான் மெக்கலின் என்ற பிரிட்டிஷ் போட்டோக்காரர் மேல் பாய்ந்த துப்பாக்கிக் குண்டு அவருடைய நிக்கானில் பட்டு நின்றது. 1966-ல் வெளிவந்த 'ப்ளோ அப்' என்ற சினிமாவில் கதாநாயகன் கையில் 'எப்'. 1973-ல் பால் சைமன் பாடிய பாட்டு ஒன்றிலும் நிக்கானின் பெயர் வருகிறது. பாட்டில் ஏறிவிட்ட சரக்குக்கு வேறு விளம்பரம் எதற்கு?

ஆனால் வியாபாரத்தின் சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. 'எப்' காமிராவை வாங்க எல்லாராலும் இயலாது. ஆகவே 1965-ல் 'நிக்கார்மாட்' என்ற மலிவான காமிராவைச் செய்தார்கள். மோட்டார் இல்லை, கழற்றும் தலை இல்லை. ஆனால் 'எப்' காமிராவின் லென்ஸுகள் அத்தனையும் இதற்குப் பொருந்தும். யுத்தகளத்தில் உள்ளவர் எந்தக் கண்ணாடி வழியே பார்க்கிறாரோ அதே கண்ணாடி வழியே தம் குழந்தையைப் பார்க்கலாம் என்ற திருப்தி குமாஸ்தாவுக்குக் கிடைத்தது. அது வெறும் மயக்கமும் அன்று. கண்ணாடி உண்மையில் ஒன்றேதான். உயர்ந்த காமிரா பெயரைச் சம்பாதிக்கிறது. கீழ்ப்படிக் காமிரா பணத்தைச் சம்பாதிக்கிறது. இரண்டையும் லென்ஸ் மாட்டும் வளையம் இணைக்கிறது. ஒரு தரம் நாலு லென்ஸ் வாங்கியவர் வேறு கம்பெனிக்கு எளிதில் தாண்டமாட்டார்.

இந்த வளையத்தை உடைத்த துணிச்சல் கானனுக்கு இருந்தது. 1971-ல் 'எப் 1' என்ற காமிராவோடு அவர்கள் பத்திரிகைக்காரர்களை நாடி வந்தார்கள். 1976-ல் சிறிய மின்மூளை பொருத்திய 'ஏஇ 1' சாதாரண ஜனங்களிடம் அமோகமாக விற்றது. 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் அதிகார பூர்வமான காமிரா என்ற பட்டமும் கிடைத்தது. அப்படியிருந்தும் 1987-ல் பழைய வளையத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, மின்சாரத்தாலேயே லென்ஸைத் திருப்பும் 'ஈஓஎஸ்' என்ற புது வம்சத்தை ஆரம்பித்தார்கள். பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் சபித்தார்கள். ஆனால் ஓடும் வீரனைத் தானே குறிவைக்கும் வேகம் அதனால் கைகூடிற்று. பந்தய மைதானங்களின் ஓரத்தில் வெள்ளை நிற லென்ஸுகள் வரிசையாக நிற்கத் தொடங்கின. அந்த வெள்ளைக்குக் காரணம் உண்டு: பெரிய லென்ஸுகளில் உள்ள புளோரைட் என்ற படிகம் வெயிலில் சூடேறினால் விரிகிறது, வெள்ளை நிறம் சூட்டைக் குறைக்கிறது. உபயோகத்துக்காகப் பூசிய வர்ணமே ஊருக்கெல்லாம் கொடியாகிவிட்டது. டெலிவிஷனில் ஆட்டம் பார்க்கிறவன் எழுத்தைப் படிக்கவேண்டியதில்லை. வெள்ளையைப் பார்த்தால் போதும். ஒலிம்பிக் நடக்கும் ஊரிலெல்லாம் கம்பெனிக்காரர்கள் கூடாரம் அமைத்து, பத்திரிகைக்காரர்களுக்குப் பெரிய லென்ஸுகளை இரவல் கொடுத்து, பழுதுபார்த்தும் கொடுக்கிறார்கள். அந்த உபசாரத்தின் லாபம் வேறிடத்தில் வசூலாகிறது.

நிக்கான்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1999-ல் பிலிம் இல்லாத 'டி 1' காமிராவை வெளியிட்டார்கள். நம் மாணாக்கர் ஆசைப்பட்ட ஒற்றை இலக்கம் அங்கே ஆரம்பித்து, 2020-ல் வந்த 'டி 6'இல் முடிந்தது. 2007-ல் வந்த 'டி 3' இழந்த மைதானத்தில் கொஞ்சத்தை மீட்டது. இருந்தாலும், கழற்றி மாட்டும் லென்ஸ் உள்ள டிஜிட்டல் காமிராக்களின் உலக விற்பனையில் 2003 முதல் தாங்களே முதல்வர் என்று கானன்காரர்கள் சொல்லிவருகிறார்கள். அந்த வருஷம் அவர்கள் வெளியிட்ட முக்கியமான காமிரா எது? மைதானத்துப் பெரிய காமிரா அன்று. ஆயிரம் டாலருக்குக் கீழே விலை வைத்த '300டி'. வெள்ளை லென்ஸ் இருபது வருஷம் உழுத நிலத்தில் அந்தச் சின்னக் காமிரா அறுவடை செய்தது என்பது நம் அபிப்பிராயம். பெரிய பெயரில்லாமல் சின்னக் காமிராவை விற்க முடியாதா என்று கேட்டால், விற்கலாம். ஆனால் நிலைப்பது கஷ்டம். மினோல்டா கம்பெனி 1985-ல் தானே குறிவைக்கும் காமிராவை எல்லாருக்கும் முன்னதாக வெற்றிகரமாக விற்றது. பத்திரிகைக்காரர்கள் அதை ஏனோ கையில் எடுக்கவில்லை. பின்பு காப்புரிமை வழக்கில் அமெரிக்கக் கம்பெனிக்கு 12 கோடி டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. 2006-ல் அதன் காமிரா வியாபாரம் ஸோனியின் கைக்குப் போயிற்று. அந்த ஸோனி 2020-ல் அஸோஸியேட்டெட் பிரஸ் செய்தி ஸ்தாபனத்தின் போட்டோக்காரர்கள் அனைவர் கையிலும் தன் காமிராவைக் கொடுத்துவிட்டது! சக்கரம் இப்படிச் சுற்றுகிறது.

மறுநாள் காலை ஹன்ஸோமோன் பக்கத்தில் உள்ள ஜப்பான் காமிராப் பொருட்காட்சிச் சாலைக்கு ஒரு மணி நேரம் போய்வந்தோம். அங்கே நம்மைக் கவர்ந்தது ஒரு சின்னக் காகிதம். பொன்னிறத்தில், முட்டை வடிவத்தில், 'தேறியது' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட வில்லை. 1954-ல் இந்த ஸ்தாபனம் ஆரம்பித்தபிறகு, பரீட்சையில் தேறிய காமிராதான் கப்பல் ஏறலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். நம் வீட்டுப் பழைய பெட்டியில் தந்தையார் வைத்திருந்த காமிராவில் இந்த வில்லை ஒட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. சிறு வயதில் அதைப் பிய்க்கப் பார்த்து அடி வாங்கியிருக்கிறோம். போர்முனையில் டங்கன் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் ஒரு கம்பெனிக்கு. இந்த வில்லையோ தேசம் முழுவதற்கும் ஆயிற்று.

இதே டோக்கியோவுக்கு 1930-களில் நம் ஏ. கே. செட்டியார் புகைப்படக் கலை பயில வந்தார். இங்கே கற்றுக்கொண்டு, அமெரிக்காவிலும் பயின்று, உலகமெல்லாம் சுற்றிப் பிலிம் சேகரித்து, 1940-ல் மகாத்மா காந்தியைப் பற்றிய படத்தை வெளியிட்டார். அவர் காலத்தில் ஜப்பானியக் காமிராவுக்கு உலகில் பெயரே இல்லை. கற்றுக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பின்பு நாமும் ஒன்று செய்து பார்த்தோம். 1960-ல் மத்திய சர்க்கார் உதகமண்டலத்தில் பிலிம் தொழிற்சாலை தொடங்கிற்று. 'இந்து' என்று பெயரிட்ட அந்தப் பிலிமை நாமும் வாங்கியிருக்கிறோம். இன்று அந்தக் கட்டிடங்கள் வேலையின்றிக் கிடக்கின்றன. அந்தப் பிலிமைப் போட்டுப் பிடித்த படத்தைக் கண்டு உலகம் விசாரிக்கும்படி ஒரு டங்கன் நமக்கு வாய்க்கவில்லையா, அல்லது விசாரிக்கும்படியாகச் சரக்கு இல்லையா என்று மருமான் கேட்டான். இரண்டும் என்றுதான் சொல்லத் தோன்றிற்று. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

ஜப்பானியருக்கும் இப்போது சுகமில்லை. 2010-ல் டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடி விற்றன. 2023-ல் 80 லட்சம்கூட இல்லை. கைப்பேசி மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டது. சின்னக் காமிராக்கள் மறைந்து, பெரியவையே பெரும்பாலும் மிஞ்சி நிற்கின்றன. விசித்திரம் என்னவென்றால், விழுங்கிய கைப்பேசிக்கே பழைய பெயர்கள் வேண்டியிருக்கின்றன. லைகா, ஸைஸ், ஹாஸல்பிளாட் என்னும் பெயர்களைச் சீனத்துக் கைப்பேசிகளின் முதுகில் பொறித்து விற்கிறார்கள். நம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளிலும் அப்பெயர்கள் வந்துவிட்டன.

அன்று மாலை ஷின்ஜுகுவுக்கு உறையுடன் போனோம். கைமாறிய காமிராக்களை விற்கும் கடைகள் அங்கே மாடிமேல் மாடியாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் கீறல், தூசி, தேய்வு எல்லாவற்றையும் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருக்கிறார்கள். நம் ஊர் மாட்டுச் சந்தைக்கு இந்த வழக்கம் வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஒற்றை இலக்கக் காமிரா ஒன்றை விற்பனையாளர் வெல்வெட்டுத் துணியின்மேல் எடுத்துவைத்தார். கல்லைப்போல் கனத்தது. ஓரங்களில் வர்ணம் தேய்ந்திருந்தது. உறையில் உள்ள பணம் சரியாக இருந்தது. ஒரு கோப்பைக் காப்பிக்குக்கூட மிச்சமில்லை. எத்தனை படம் பிடித்தது என்று விசாரித்தோம். அவர் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டு மருமான் புருவத்தை உயர்த்தினான். ஊரில் இதற்கு உத்தரவாதம் கிடையாது, பழுதானால் அவ்வளவுதான்.

பக்கத்துப் பேழையில் 85 மில்லிமீட்டர் நிக்கார் லென்ஸ் ஒன்று இருந்தது. மிகி டங்கனைப் பிடித்த அதே அளவு, சமீப காலத்துச் சரக்கு, கீறல் இல்லை. நம் மாணாக்கர் வைத்திருக்கும் 750-க்குப் பொருந்தும். விலை, உறையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முகத்தைப் படம் பிடிக்க இதைவிடச் சிறந்தது அவரிடம் கிடையாது என்று நமக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டது லென்ஸ் அன்றே! டெலிபோன் செய்தோம். அங்கே முகூர்த்த நாள், அவர் எடுக்கவில்லை. இன்னொரு தரம் செய்தோம், எடுக்கவில்லை. கடை சாத்தும் நேரம் நெருங்கியது. விற்பனையாளர் இரண்டையும் பார்த்தபடி கைகட்டி நின்றார். "மாமா, உங்கள் பணம் இல்லை, அவர் பணம்" என்றான் மருமான். அது நமக்கும் தெரியும். அந்த அம்மாள் சொன்ன 'உசிதம்' என்ற வார்த்தையைப் பற்றிக்கொண்டு, லென்ஸைக் காட்டினோம்.

ஊர் திரும்பி, லென்ஸையும் மிச்சப் பணத்தையும் அவரிடம் ஒப்படைத்தபோது, அவர் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரம் முழுவதும் நாம் கடைத்தெருப் பக்கம் போகவில்லை. வளையல்கள் மீண்டுவிட்டன என்று அவருடைய தாயார் வந்து சொன்ன பிறகும் மனம் சமாதானப்படவில்லை.

சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அவர்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் நாம் கொண்டுவந்த 85. காமிராவோ முன்னைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக, ஒற்றை இலக்கத்தின் சாயலில் ஜம்மென்று இருந்தது. பெண்ணின் தகப்பனார் அதைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். பந்தி முடிந்ததும் நாம் நெருங்கி விசாரித்தோம். அவர் காமிராவைத் திருப்பி, அடியில் பூட்டியிருந்த கைப்பிடியைக் காட்டினார். கூடுதல் பாட்டரி வைப்பதற்கென்று கம்பெனியே செய்து விற்கும் கூடு அது.

"நீண்ட நேரம் தாங்குமோ, தம்பி?"

"உள்ளே பாட்டரி ஒன்றும் கிடையாது, ஸார்" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "மேலே உள்ளதே போதும். இரண்டு கல்யாணமாகக் கூலியும் ஏற்றிக் கொடுக்கிறார்கள். தள்ளி நில்லுங்கள், பெண்ணின் பாட்டியைப் பிடிக்கவேண்டும், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது."